பெரட்டில் இல்லாத ஆளைத் தேடும் ஆர்பிஎம்: பொய்ச் சார்புகளைக் கழிக்க எந்த வழி?

மஸ்கெலியா தாண்டி ஒரு தோட்ட ஆபீஸ். ஹட்டனில் பஸ் ஏறி, நோர்வூட்டில் கால் மணி நேரம் நின்று, மழைக்குள் போய்ச் சேர்ந்தபோது பகலாகிவிட்டது. சட்டைப் பையில் பென் டிரைவ், அதற்குள் நான் கட்டிய ஒரு ஆர்பிஎம் பொதி. சில லினக்ஸ் கணினிகளில் மென்பொருளைப் பொதியாகக் கட்டி நிறுவும் முறைதான் ஆர்பிஎம். அங்கே இணையம் பேருக்குத்தான். மலைக்குப் பின்னால் இருக்கும் டவரைப் பிடிக்க ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைக்க வேண்டும். அதனால் வேண்டியதையெல்லாம் கையோடு கொண்டுபோயிருந்தேன். நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். பொதிகளை நிறுவித் தரும் டிஎன்எஃப் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: பெர்ல்(தி) என்பதைத் தருகிற பொதி எதுவும் இல்லை.

கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, மெசின் ஏத்துக்கிச்சா?”

“ஒரு பேரு கூடுதலா கேக்குதுண்ணே.”

“யாரு பேரு?”

“அப்படி ஒரு ஆளே இல்லண்ணே.”

பெர்ல் ஒரு நிரல்மொழி. மாட்யூல் என்பது அதில் வேண்டும்போது கூப்பிடும் துணைநிரல். ‘தி’ என்று ஒரு பெர்ல் மாட்யூல் கிடையாது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வருகிற அந்தச் சின்னச் சொல்தான் அது. கொழுந்துத் தராசிலிருந்து சீரியல் கம்பி வழியாக நிறையை வாங்கி, செக்ரோலுக்கு (தோட்டத்துச் சம்பளப் பேரேட்டுக்கு) ஏற்ற கோப்பாக மாற்றும் பழைய பெர்ல் ஸ்க்ரிப்ட் எங்களுடையது. அதன் உதவிச் செய்தியில் ஒரு வரி “யூஸ் தி ஸ்கேல் இன் கேஜி மோட்” என்று தொடங்குகிறது. பெர்லில் மாட்யூலைக் கூப்பிடும் சொல்லும் யூஸ்தான். தராசைக் கிலோவில் வையுங்கள் என்று மனுசருக்குச் சொன்னதை, பொதி கட்டும் கருவி தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை இப்படிச் சொல்லலாம். காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆள் கூடும் இடத்தில், பேர் வாசிக்கிறார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போய் இரண்டு வருசமான ஒருத்தன் பேர் இன்னும் லிஸ்ட்டில் இருக்கிறது. அவன் குரல் கொடுக்கும்வரை ஒருவரும் மலைக்கு ஏறக் கூடாது என்றால் அன்றைக்கு வேலை நடக்குமா? ஒரு பொதி தான் ஓடுவதற்கு வேண்டும் என்று கேட்பதுதான் சார்பு. உண்மையில் வேண்டாததைக் கேட்டால் பொய்ச் சார்பு. அது செய்வது இதைத்தான்.

அன்றைக்கு நோடெப்ஸ் என்ற விருப்பைப் போட்டு, சார்புகளைப் பார்க்காமலே நிறுவிவிட்டு வந்தேன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்தால் பொய்ச் சார்போடு சேர்ந்து உண்மைச் சார்புகளும் கவனிக்கப்படாமல் போகும். பிறகு அந்தக் கணினியில் டிஎன்எஃப் செக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே குறையைச் சொல்லும். அவசரத்துக்குச் செய்யலாம், வழி என்று சொல்ல முடியாது. ஹட்டனுக்குத் திரும்பியதும் பொதி என்னென்ன கேட்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தேன். ‘தி’யைத் தவிர இன்னும் மூன்று பொய்ப் பேர்கள் இருந்தன.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், இந்தப் பேர்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். கோப்புகளை அந்தந்த இடத்தில் வைத்து முடித்ததும், ஒவ்வொரு கோப்பும் என்ன வகை என்று ஆர்பிஎம் பார்க்கிறது. அந்த வகைக்கு உரிய தேடியை ஓட விடுகிறது. 2011இல் வந்த 4.9 பதிப்பிலிருந்து இந்த வகைகள் தனித்தனிக் கோப்புகளாக ஃபைல்ஆட்டர்ஸ் என்ற அடைவில் இருக்கின்றன. பெர்ல் ஸ்க்ரிப்டுக்கான தேடியின் பெயர் பெர்ல்.ரெக். அதுவும் பெர்லில் எழுதியதுதான். ஆனால் அதற்குப் பெர்ல் இலக்கணம் தெரியாது. வரி வரியாகப் படித்து, மாட்யூலைக் கூப்பிடும் யூஸ், ரிக்வயர் என்ற சொற்களில் தொடங்கும் வரிகளை ரெகெக்ஸ் (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரம்) வைத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆவணப் பகுதியைத் தாண்டிவிடும். பிரிண்ட் வரியிலோ மாறியிலோ தொடங்கிப் பல வரிக்கு நீளும் மேற்கோளையும் தாண்டப் பார்க்கும். எங்கள் உதவிச் செய்தி ஒரு சப்ரூட்டீனுக்கு நேராகக் கொடுத்த மேற்கோள் என்பதால் அதில் ஏமாந்துவிட்டது.

ரிக்வயர் விசயத்தில் இன்னொரு வேடிக்கை. அந்த வரி இடது ஓரத்தை ஒட்டி இருந்தால்தான் பெர்ல்.ரெக் எடுத்துக்கொள்ளும். உள்ளே தள்ளி இருந்தால் விட்டுவிடும். தள்ளி இருப்பது பெரும்பாலும் ஒரு இஃப்புக்குள் இருக்கும், கட்டாயமில்லை என்ற ஊகம். யூஸ் வரிக்கு இந்தச் சலுகை கிடையாது. எங்கள் ஸ்க்ரிப்டை முதலில் எழுதிய அண்ணன் எதையும் உள்ளே தள்ளி எழுதும் பழக்கம் இல்லாதவர். விண்டோஸாக இருந்தால் வின்32::சீரியல்போர்ட், இல்லாவிட்டால் டிவைஸ்::சீரியல்போர்ட் என்று இஃப் போட்டு எழுதியிருக்கிறார். இரண்டு ரிக்வயரும் ஓரத்தை ஒட்டியே நிற்கின்றன. லினக்ஸ் கணினியில் வின்32 மாட்யூல் கேட்கும் பொதி பிறந்தது நாலு இடைவெளி இல்லாத குறையால்.

மூன்றாவது பேர் பெர்ல்(செக்ரோல்.பிஎல்). நாங்களே எழுதிய துணைக் கோப்பு, அதே பொதிக்குள் தனி அடைவில் இருக்கிறது. நாலாவது பெர்ல்(ஸ்ப்ரெட்ஷீட்::ரைட்எக்செல்). ஆவண அடைவில் போட்டிருந்த ஒரு மாதிரி ஸ்க்ரிப்டிலிருந்து வந்தது. அதை யாரும் ஓட்டுவதில்லை.

இனி வழிகள். எதைத் தேர்ந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த வழி தப்பாகப் போனால் எப்போது தெரியவரும்? பொய்ச் சார்பு நிறுவும்போதே கத்தும். நான் ஆபீஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போது கத்தும், எரிச்சல் எனக்கு மட்டும். உண்மைச் சார்பு விட்டுப்போனால் நிறுவல் சத்தமில்லாமல் முடியும். ஸ்க்ரிப்ட் விழுவது மாலைக் கொழுந்து நிறுக்கும்போது, ஐம்பது பேர் கூடையோடு வரிசையில் நிற்கும்போது. இரண்டும் ஒரே எடை இல்லை. ஆகவே பொய்யைக் கழிக்கப் போய் உண்மையையும் சேர்த்துக் கழிக்கக்கூடிய வழி எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தாலும் பின்வரிசையில்தான்.

அந்தக் கணக்கில் கடைசியில் நிற்பது ஆட்டோரெக்: நோ. பொதியை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பில் ஒரே வரி, தேடி எதுவும் ஓடாது. வின்32 போகும், ‘தி’ போகும், கூடவே ஸ்க்ரிப்டின் முதல் வரியிலிருந்து வரும் பெர்ல் சார்பும் போகும். பொதிக்குள் தொகுத்த நிரல் ஏதாவது இருந்தால் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் போகும். எல்லாவற்றையும் கையால் எழுதித் தருவேன் என்பவர்கள் எழுதலாம். ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு புதிய மாட்யூலைச் சேர்க்கும்போது அந்தக் கைப்பட்டியலைத் திருத்த யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆப்ட் அடைவுக்குள் தன் பெர்ல், தன் லைப்ரரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வரும் மூடிய மென்பொருளுக்கு இது பொருந்தும். நம் ஸ்க்ரிப்டுக்கு வேண்டாம்.

அதற்கு அடுத்த மோசமான வழி, இல்லாததை நானே தருகிறேன் என்று ஸ்பெக்கில் ப்ரொவைட்ஸ் எழுதிவிடுவது. பெர்ல்(வின்32::சீரியல்போர்ட்) என்னிடம் இருக்கிறது என்று நம் பொதி சொல்லும், ஆர்பிஎம்மும் நம்பிவிடும். இந்தப் பொய் நம் பொதிக்குள் அடங்கி நிற்காது என்பதுதான் வில்லங்கம். கணினியின் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால், நாளை அதே பேரைக் கேட்டு வரும் வேறு பொதிக்கும் “இருக்கிறது, வா” என்று பதில் போகும். அடுத்த வீட்டுக்காரரையும் சேர்த்து ஏமாற்றும் வேலை. செக்ரோல்.பிஎல் விசயத்தில் பாதி உண்மை இருக்கிறது, கோப்பு நிசமாகவே உள்ளே இருக்கிறது. ஆனாலும் அது தனி அடைவில் இருப்பதால் வெளியார் எவரும் அதை ஏற்ற முடியாது. தருகிறேன் என்று அறிவிப்பதில் அர்த்தமில்லை.

ஸ்க்ரிப்டையே திருத்தலாமே என்று கேட்பீர்கள். சில இடத்தில் அதுதான் சிறந்த வழி. ‘தி’ பிரச்சினைக்கு உதவிச் செய்தியின் வரியை வேறு இடத்தில் உடைத்தால் போதும். யூஸ் என்ற சொல் வரியின் நடுவுக்குப் போய்விடும், முடிந்தது. மாட்யூலையே ஒளிக்க வேண்டுமானால், யூஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்புரை போட்டு, மாட்யூலின் பேரை அடுத்த வரியில் எழுதலாம். பெர்லுக்கு இடையில் புதுவரி வருவது ஒரு பொருட்டில்லை. வரி வரியாகப் படிக்கும் பெர்ல்.ரெக் ஏமாந்துவிடும். குறிப்புரை எதற்கு என்றால், பெர்ல்டைடி மாதிரிக் கருவிகள் இரண்டு வரியையும் திரும்ப ஒன்றாக்கிவிடாமல் அது தடுக்கும். பின்னால் வருகிறவருக்கு ஏன் இந்தக் கோணல் என்றும் சொல்லும். பெர்ல் மாட்யூல்களின் பொதுக் களஞ்சியமான சிபானில் இது பழைய தந்திரம். அங்கே அட்டவணை போடும் நிரலிடமிருந்து உள்வகுப்புகளை ஒளிக்க, பேக்கேஜ் என்ற சொல்லையும் பேரையும் இப்படித்தான் இரண்டு வரியாக உடைப்பார்கள்.

ஆனால் ஸ்க்ரிப்ட் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேறொருவர் எழுதி வெளியிடுவதை நீங்கள் பொதி மட்டும் கட்டுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இந்தத் திருத்தத்தைப் பேட்ச்சாகச் சுமக்க வேண்டும். இன்னொன்று, வின்32 வரியை உள்ளே தள்ளும் கையோடு அழகுக்காக டிவைஸ்::சீரியல்போர்ட் வரியையும் தள்ளிவிடுவோம். பெர்ல்.ரெக்கின் கண்ணிலிருந்து இரண்டும் மறையும். இரண்டாவது நமக்குக் கட்டாயம் வேண்டியது. அப்படித் தள்ளினால் ஸ்பெக்கில் அதைக் கையால் எழுதியாக வேண்டும்.

கோப்பு அனுமதியை மாற்றும் வழி மாதிரி ஸ்க்ரிப்டுகளுக்கென்றே செய்தது போல. பெர்ல் ஸ்க்ரிப்டுக்கான தேடி, ஓட்டும் அனுமதி உள்ள கோப்புகளை மட்டுமே திறந்து பார்க்கும். ஆவண அடைவில் உள்ள மாதிரியின் அனுமதியை 644 என்று மாற்றினால் அது வெறும் வாசிப்புப் பண்டம், ரைட்எக்செல் கேள்வியே எழாது. மாதிரியை யாரும் அங்கிருந்தே ஓட்டப் போவதில்லை என்பதால் நட்டமும் இல்லை. ஒரே எச்சரிக்கை: .பிஎம் என்று முடியும் மாட்யூல் கோப்புகளை ஓட்டும் அனுமதி இல்லாவிட்டாலும் பார்க்கும். ஆவண அடைவில் அப்படி ஏதாவது கிடந்தால், அந்த அடைவு முழுவதையும் பார்க்காதே என்று பாதையைச் சொல்லும் வடிகட்டி வேண்டும். அதன் பேர் ரிக்வயர்ஸ்_எக்ஸ்க்ளூட்_ஃப்ரம், முன்னால் இரட்டை அடிக்கோடு.

மீதி எல்லாவற்றுக்கும் நான் தேர்ந்தது அதன் அண்ணன், ரிக்வயர்ஸ்_எக்ஸ்க்ளூட். இதுவும் 4.9இல் வந்ததுதான். தேடி வழக்கம்போல ஓடும். கிடைத்த பேர்களில் நாம் கொடுத்த ரெகெக்ஸுக்குப் பொருந்துவது மட்டும் கழியும். ஸ்க்ரிப்டைத் தொட வேண்டாம். எது ஏன் கழிக்கப்பட்டது என்பது ஸ்பெக்கிலேயே எழுத்தில் இருக்கும், அடுத்து வருகிறவர் படிக்கலாம்.

இந்த நல்ல வழியிலும் நான் விழுந்தேன். முதல் தடவை சோம்பலில் வெறுமனே ‘சீரியல்போர்ட்’ என்று எழுதினேன். வின்32 போய்விட்டது, பட்டியல் சுத்தம். பொதியை இன்னொரு தோட்ட ஆபீஸுக்குக் கொண்டுபோய் நிறுவினேன். ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லாமல் ஏறியது. பின்னேரம் தராசைச் செருகி ஸ்க்ரிப்டை ஓட்டினால், டிவைஸ்/சீரியல்போர்ட்.பிஎம் கிடைக்கவில்லை என்று செத்துப்போனது. நான் எழுதிய ஒற்றைச் சொல், உண்மையான சார்பையும் சேர்த்துக் கழித்திருக்கிறது. வெளியே மழை, சாக்குகள் வரிசையில். கணக்கைப் புத்தகத்தில் கையால் எழுதினார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பதில் ஏற்கெனவே ஆயிரம் சந்தேகம் உள்ள இடம் அது. வரிசையில் நின்ற ஒரு அக்கா என்னைப் பார்த்து, “தம்பி, நம்ம கிலோ உங்க மெசின்ல ஒழுங்கா ஏறுமா?” என்றார். என்ன சொல்ல?

அதற்குப் பிறகு முழுப் பேரையும் எழுதாமல் வடிகட்டி போடுவதில்லை. தொடக்கத்தில் தொப்பிக் குறி, முடிவில் டொலர் குறி, நடுவில் பேர் முழுசாக: ^பெர்ல்\\(வின்32::சீரியல்போர்ட்\\)$. இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், ஸ்பெக்கில் அதே குறிகளோடு ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பிறை அடைப்புக்கு முன்னால் பின்சாய்கோடு இரண்டு போட வேண்டும். ஸ்பெக்கின் மேக்ரோ (சுருக்கப் பேர்) விரியும்போது ஒன்று தின்னப்பட்டுவிடும். மிஞ்சும் ஒன்றுதான் ரெகெக்ஸுக்குப் போய்ச் சேரும். ஒன்றே ஒன்று போட்டால் வடிகட்டி இருப்பது மாதிரியே இருக்கும், எதையும் வடிகட்டாது. எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க இதில் போனது.

இரண்டு பேரைக் கழிக்க, வடிகட்டியை அமைக்கும் குளோபல் வரியை இரண்டு தடவை எழுதுவது இன்னொரு பொறி. இரண்டாவது வரி முதலாவதை அழித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வரியில் நிமிர்கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஃபெடோரா லினக்ஸின் பெர்ல்_டிஃபோல்ட்_ஃபில்டர் மேக்ரோவை ஸ்பெக்கில் சேர்த்திருந்தால் அதுவும் இதே மாறியைத்தான் நிரப்புகிறது. அழிக்காமல் அதன் வாலில் ஒட்டுங்கள்.

கழிப்பதற்கு முன் அது உண்மையிலேயே பொய்யா என்று பார்ப்பது இன்னொரு வேலை. இவாலுக்குள் (பிழை வந்தாலும் ஸ்க்ரிப்ட் விழாமல் பிடிக்கும் பெர்ல் ஏற்பாடு) இருக்கிறது, ஆகவே கட்டாயமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. இவாலின் நெளிவு அடைப்புக்குள் யூஸ் எழுதியிருந்தால் அந்த இவால் காப்பாற்றாது. யூஸ் நடப்பது தொகுக்கும் நேரத்தில், இவால் விழிப்பதற்கு முன்பே. மாட்யூல் இல்லாவிட்டால் ஸ்க்ரிப்ட் தொடங்காது. அங்கே பெர்ல்.ரெக் கேட்பது நியாயம், தப்பு எழுதியவருடையது. அடைப்புக்குள் ரிக்வயர் இருந்தாலோ, யூஸ் வரி மேற்கோளுக்குள் இருந்தாலோதான் விருப்பச் சார்பு. எங்கள் பட்டியலில் பெர்ல்(கெட்ஆப்ட்ஸ்.பிஎல்) என்று ஒன்றும் இருந்தது. பழைய குப்பை, கழித்துவிடலாம் என்று கை போனது. பார்த்தால், அந்தப் பழங்கால .பிஎல் கோப்புகளை 2012இல் வந்த பெர்ல் 5.16 தன் மூட்டையிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறது. சார்பு உண்மை, ஸ்க்ரிப்ட்தான் பழசு. கெட்ஆப்ட்::எஸ்டிடிக்கு மாற்றினேன்.

உண்மையான விருப்பச் சார்பு என்றால் கழித்துவிட்டு அப்படியே விட வேண்டாம். 2014இல் வந்த ஆர்பிஎம் 4.12இலிருந்து ரெகமெண்ட்ஸ், சஜெஸ்ட்ஸ் இருக்கின்றன. ரெகமெண்ட்ஸில் போட்டதை டிஎன்எஃப் கிடைத்தால் இயல்பாகவே நிறுவும். கிடைக்காவிட்டால் சண்டை போடாமல் நகரும். இணையம் இல்லாத ஆபீஸ்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

டெபியன், உபுண்டு என்ற வேறு லினக்ஸ்களின் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே பொதி கட்ட உதவும் டிஎச்_பெர்ல், மாட்யூல் மாட்யூலாகத் தேடிச் சார்பு எழுதுவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். அங்கே ‘தி’ வராது, டிவைஸ்::சீரியல்போர்ட்டும் தானாக வராது. ஆர்பிஎம்மின் பைதான் பக்கமும் கிட்டத்தட்ட இப்படித்தான்: இம்போர்ட் வரிகளைப் பார்ப்பதில்லை, பொதியோடு வரும் மெட்டாடேட்டாவைத்தான் படிக்கிறது. தனி பைதான் ஸ்க்ரிப்டுக்கு உள்ளே என்ன வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கேட்டால், தப்பாகக் கத்தும் நாய் உள்ள வீடே மேல்.

இப்போது எங்கள் ஸ்பெக் இப்படி நிற்கிறது. உதவிச் செய்தியின் வரி உடைப்பு மாற்றியாகிவிட்டது. மாதிரி ஸ்க்ரிப்டுக்கு 644. வின்32, செக்ரோல்.பிஎல் இரண்டும் முழுப் பேரோடு ஒரே வடிகட்டியில். டிவைஸ்::சீரியல்போர்ட்டைத் தேடி கண்டுபிடித்தாலும் கையாலும் ஒருமுறை எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு தடவை வந்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. பொதி கட்டியதும் சார்புப் பட்டியலை எடுத்து, போன பதிப்பின் பட்டியலோடு டிஃப் போட்டுப் பார்க்கிறேன். குறைந்த பேரும் கூடிய பேரும் ஒவ்வொன்றும் நான் எதிர்பார்த்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பென் டிரைவில் ஏறாது.

போன வாரம் அந்த டிஃப்பில் புதிதாக ஒரு வரி: பெர்ல்(யுவர்). எங்கள் செண்டரில் புதிதாகச் சேர்ந்த தம்பி உதவிச் செய்தியைத் திருத்தி, “யூஸ் யுவர் எஸ்டேட் கோட்” என்று ஒரு வரியைத் தொடங்கியிருந்தான். கூப்பிட்டுக் காட்டினேன். “அண்ணே, இது என்ன மாட்யூல்?” என்று கேட்டான்.